கடன் புத்தகத்தையும் கணக்கில் சேருங்கள்: எங்கள் வங்கியின் இயக்குநர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் இயக்குநர் குழு உறுப்பினர்களுக்கும்,

இந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் காணொளி வழியாக நான் ஒரு கேள்வி கேட்டேன். நாம் கொடுத்திருக்கும் கடன்களின் வழியாக ஆண்டுக்கு எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது, அந்த எண் ஏன் சுற்றுச்சூழல் பொறுப்பைப் பற்றிப் பேசும் நம் நிலைத்தன்மை அறிக்கையில் இல்லை என்பதுதான் கேள்வி. மேடையிலிருந்து வந்த பதிலை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன். ஸ்கோப் 3 (கடன் போன்றவற்றின் வழியாக மறைமுகமாக வரும் உமிழ்வு) கட்டாயம் இல்லை. ரிசர்வ் வங்கியின் இறுதி விதிகள் வந்ததும் பரிசீலிப்போம். வாடிக்கையாளர்களிடமிருந்து தகவல் கிடைப்பது சிரமம். அவ்வளவுதான், அடுத்த பங்குதாரரை அழைத்துவிட்டார்கள்.

இந்த மூன்றில் ஒன்றைக்கூட என்னால் ஏற்க முடியவில்லை. தனியாகக் கடிதம் எழுதினால் அது நிறுவனச் செயலர் அலுவலகத்தில் ஒரு கோப்பு எண்ணாக முடிந்துவிடும். அதனால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

நான் இந்த வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளை மேலாளராகி, கடைசியில் மண்டல அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். பென்ஷன் இங்கிருந்துதான் வருகிறது, சேமிப்பு இங்கேதான் கிடக்கிறது, கொஞ்சம் பங்கும் வைத்திருக்கிறேன். வங்கியின் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களுக்கு அது தெரியும். மற்றவர்களுக்குத் தேவையில்லை, ஏனென்றால் தங்கள் வங்கியின் அறிக்கையைத் திறந்து பார்த்தால் பலருக்கும் ஏறக்குறைய இதே நிலைமைதான் தெரியும்.

அறிக்கையின் அட்டையில் உள்ளங்கையில் ஏந்திய மரக்கன்று. உள்ளே எல்இடி விளக்குகள், மாடியில் சூரியத் தகடுகள், பாஸ்புக்குக்குப் பதில் செயலி, காகிதம் மிச்சம். அப்புறம் ஒரு வரைபடம், உமிழ்வு போன ஆண்டைவிடக் குறைந்துவிட்டது என்று இறங்குமுகமாகக் காட்டுகிறது. இந்த வேலைகளை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. எல்இடி மாட்டியது நல்லதுதான், மின் கட்டணம் மிச்சமானதும் உண்மை. ஆனால் ஒரு வங்கியின் சுற்றுச்சூழல் தாக்கம் இவ்வளவுதான் என்று பொதுமக்களுக்குச் சொல்வது சரியில்லை. அதைத்தான் இந்த அறிக்கை சொல்கிறது.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2021 மே மாதம் பிஆர்எஸ்ஆர் எனப்படும் வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையைக் கொண்டுவந்தது. 2022-23 நிதியாண்டிலிருந்து சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் இருக்கும் பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு அது கட்டாயம். அதில் ஆறாவது கோட்பாடு சுற்றுச்சூழல் பற்றியது. எரிபொருளை நாமே எரிப்பது, ஏசி வாயு கசிவது போல நம்மிடமிருந்து நேரடியாக வருவது ஸ்கோப் 1, வாங்கும் மின்சாரத்தால் வருவது ஸ்கோப் 2. இரண்டையும் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் தொழிலோடு தொடர்புள்ள மற்ற எல்லாம் ஸ்கோப் 3. வங்கி தரும் கடனும் செய்யும் முதலீடும் அதில்தான் வருகின்றன, உலக அளவில் பின்பற்றப்படும் கணக்கு நெறிமுறையில் அது பதினைந்தாவது வகை. செபியின் படிவத்தில் ஸ்கோப் 3 விருப்பமிருந்தால் நிரப்பும் பகுதியில் இருக்கிறது.

சிமெண்ட் ஆலைக்கு இந்த ஏற்பாடு ஓரளவு பொருந்தும். அதன் புகையில் பெரும்பகுதி அதன் சூளையிலிருந்தே வருவதால் ஸ்கோப் 1-லேயே பிடிபட்டுவிடும். வங்கிக்குச் சூளையும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. அதன் தொழிலே கடன் கொடுப்பது. அதை விருப்பப் பகுதியில் விட்டுவிட்டு மீதியை மட்டும் எண்ணினால் கையில் வருவது கட்டட நிர்வாகத்தின் கணக்குதான்.

அந்தக் கட்டட நிர்வாகக் கணக்காவது ஒழுங்காக இருக்கிறதா? மண்டல அலுவலகத்தில் கிளைகளிலிருந்து இந்த எண்கள் வந்து சேரும் மேசைக்குப் பக்கத்தில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், இல்லை.

ஒரு எக்செல் தாள் எல்லாக் கிளைகளுக்கும் போகும். டீசல் எத்தனை லிட்டர், மின்சாரம் எத்தனை யூனிட், தண்ணீர் எத்தனை கிலோலிட்டர், காகிதம் எத்தனை ரீம். பல கிளைகள் வாடகைக் கட்டடத்தில் இருக்கின்றன. ஜெனரேட்டர் கட்டட உரிமையாளருடையது, கீழே துணிக்கடை, மேலே டியூஷன் சென்டர், நடுவில் நாம். டீசலுக்கு மாதம் ஒரு தொகை என்று பேசிக் கொடுத்துவிடுவார்கள், லிட்டர் கணக்கு யாரிடமும் இருக்காது. தண்ணீருக்கு மீட்டரே கிடையாது. போர்வெல் தண்ணீரும் இருபது லிட்டர் கேனும்தான். அதனால் தலைக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் என்ற கட்டட விதிமுறை எண்ணை ஊழியர் எண்ணிக்கையால் பெருக்கிப் போட்டுவிடுவார்கள். அறிக்கையில் அது தசமப் புள்ளியோடு அச்சாகும்போது யாரோ அளந்து பார்த்தது போலத் தெரியும். ஊழியர் எண்ணிக்கை குறைந்தால் தண்ணீர்ப் பயன்பாடும் குறைந்ததாக ஆகிவிடும்.

ஏசி விஷயம் இன்னும் மோசம். கோடை வந்தால் மெக்கானிக் வந்து "கேஸ் சார்ஜிங்" செய்துவிட்டுப் போவார். பில்லில் தொகை இருக்கும், என்ன வாயு, எத்தனை கிலோ என்று இருக்காது. பழைய ஏசிகளில் ஆர்-410ஏ என்ற குளிரூட்டி இருக்கிறது. அது ஒரு கிலோ கசிந்தால் சுமார் இரண்டு டன் கரியமில வாயு வெளியேறியதற்குச் சமம். ஒரு கிளையின் ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான லிட்டர் டீசல் குடித்தால்தான் அந்த அளவு வரும். டீசலுக்காவது எக்செலில் ஒரு கட்டம் இருக்கிறது. இதற்கு நான் இருந்தவரை கட்டமே இல்லை.

இவ்வளவையும் நான் சொல்வது கிளை ஊழியர்களைக் குறை சொல்வதற்காக அல்ல. மார்ச் மாத நெருக்கடியில், வசூல் இலக்கும் காப்பீட்டு இலக்கும் தலையில் உட்கார்ந்திருக்கும்போது, நாளை மாலைக்குள் அனுப்பு என்று இன்னொரு தாள் வந்தால் எந்த மேலாளரும் முந்தைய ஆண்டு எண்ணைப் பார்த்துத்தான் நிரப்புவார். அளக்கக் கருவியும் கொடுக்காமல் ஆளும் கொடுக்காமல் எண்ணை மட்டும் கேட்டது தலைமை அலுவலகம்.

அந்த இறங்குமுக வரைபடத்துக்கு வருகிறேன். நம் உமிழ்வு எப்படிக் குறைந்தது? எல்இடியாலும் சூரியத் தகட்டாலும் ஒரு பங்கு, சரி. இன்னொரு பங்கு ஏடிஎம்களிலிருந்து வந்தது. முன்பு நாமே நடத்திய ஏடிஎம் அறைகளைக் கொத்தாக வெளி நிறுவனங்களுக்குக் கொடுத்தோம். அதே தெருமுனை, அதே அறை, அதே ஏசி இரவும் பகலும் ஓடுகிறது. மின் கட்டணம் மட்டும் ஒப்பந்ததாரர் பெயருக்கு மாறிவிட்டது. அன்றிலிருந்து அது நம் ஸ்கோப் 2-இல் இல்லை. ஒரு வேலையை வெளியே கொடுத்தால் ஒப்பிடும் அடிப்படை ஆண்டின் எண்ணையும் திருத்த வேண்டும் என்று மேலே சொன்ன அதே உலகக் கணக்கு நெறிமுறை சொல்கிறது. திருத்தியதாக அறிக்கையில் ஒரு வரியும் இல்லை.

மற்றொன்று, ஒரு ரூபாய் வருமானத்துக்கு எவ்வளவு உமிழ்வு என்ற விகிதம். செபி கேட்பதால் போடுகிறீர்கள், அதில் தப்பில்லை. ஆனால் அது குறைந்ததைச் சாதனையாகப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதம் ஆனது. வீட்டுக் கடன்காரர்களின் வட்டி ஏறியது, நம் வட்டி வருமானமும் ஏறியது. ஒரு விளக்கைக்கூட அணைக்காமலேயே ஒரு ரூபாய்க்கான உமிழ்வு குறைந்துவிடும். தவணை உயர்ந்து மக்கள் திணறிய ஆண்டில் வங்கி பசுமையாகிவிட்டது என்று காட்டும் ஒரு எண்ணை எப்படிப் பெருமையாகப் போட மனம் வருகிறது?

ஆனால் இதெல்லாம் சில்லறைக் கணக்குதான். பெரிய கணக்கு எவ்வளவு பெரியது என்று யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். ஒரு நடுத்தரக் கிளை மாதம் 5,000 யூனிட் மின்சாரம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம், ஆண்டுக்கு 60,000 யூனிட். மத்திய மின்சார ஆணையம் 2023-24-க்கு வெளியிட்ட தேசியச் சராசரி ஒரு யூனிட்டுக்கு 0.727 கிலோ கரியமில வாயு. ஆக, அந்தக் கிளையின் கணக்கு ஆண்டுக்குச் சுமார் 44 டன். இப்போது 1,000 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 70 சதவீதத் திறனில் ஓடினால் ஆண்டுக்கு 613 கோடி யூனிட். யூனிட்டுக்கு 0.95 கிலோ என்று போட்டால் 58 லட்சம் டன். அந்தத் திட்டத்தில் போட்ட மொத்தப் பணத்தில் கூட்டுக் கடன் வழியாக நம் பங்கு வெறும் 5 சதவீதம் என்றாலும் நம் கணக்கில் சேர வேண்டியது 2 லட்சத்து 90 ஆயிரம் டன். வகுத்துப் பாருங்கள், 6,500-க்கும் மேற்பட்ட கிளைகளின் மின்சாரத்துக்கு அது சமம். ஒரே ஒரு கடன் கணக்கு, அதிலும் சிறு பங்கு.

இது என் கற்பனைக் கணக்கு என்று தள்ளிவிட முடியாது. சிடிபி என்ற சர்வதேச அமைப்பு, 2020-இல் நிதி நிறுவனங்கள் தாங்களே தந்த தகவல்களை வைத்துப் பார்த்தபோது, கடன்வழி, முதலீட்டுவழி உமிழ்வு அவற்றின் நேரடி உமிழ்வைப் போல் சராசரியாக 700 மடங்குக்கும் மேல் இருந்தது. நம் அறிக்கை இவ்வளவு பக்கங்களில் பேசுவது அந்த எழுநூற்றில் ஒரு பங்கைப் பற்றி.

புகையோடு இது முடியவில்லை. தண்ணீருக்கும் இதே கதைதான், அதை நான் நேரில் பார்த்தேன்.

திருப்பூரில் நான் வேலை பார்த்த காலத்தில் சாயப்பட்டறைகளுக்குக் கடன் கொடுப்பதுதான் கிளையின் உயிர்நாடி. சாயமேற்றும் புது சாஃப்ட் ஃப்ளோ மெஷினுக்கு டேர்ம் லோன், நூலுக்கும் சாயத்துக்கும் கேஷ் கிரெடிட், ஏற்றுமதி பில்களுக்கு டிஸ்கவுன்ட். கடனைப் பரிந்துரைத்து எழுதும் புராசஸ் நோட்டில் சுற்றுச்சூழலுக்கு ஒரே ஒரு வரி இருக்கும்: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கன்சென்ட் (இயங்குவதற்கான அனுமதி) நகல் பெறப்பட்டது. நகல் கோப்பில் இருந்தால் போதும். பட்டறை ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது, எவ்வளவு உப்பும் சாயமும் வெளியே விடுகிறது, அது எங்கே போகிறது என்று கேட்கும் இடமே அந்த நோட்டில் இல்லை.

எங்கே போனது என்பது ஊருக்கே தெரியும். நொய்யல் ஆற்றில் போனது. பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. அணைக்குக் கீழே கிணற்றுத் தண்ணீர் உப்பாகி, தென்னை காய்ப்பு விட்டு, மாடுகூட வாய் வைக்காத நிலைமை வந்தது. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் நம் வங்கிக்கே ஒரு கிளை இருந்தது. அங்கே இருந்த நண்பர் ஒருவர் மேலாளர்கள் கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் சொல்வார், போர்வெல் ஆழப்படுத்தக் கடன் கேட்டு வருகிறார்கள், அந்தத் தண்ணீரும் உதவாமல் போனதும் நகைக் கடனுக்கு வருகிறார்கள் என்று. மேலே சாயத்துக்குக் கடன் கொடுத்த அதே வங்கி, கீழே அந்தச் சாயத் தண்ணீரால் நொந்தவர்களுக்கு நகையை வாங்கி வைத்துக்கொண்டு கடன் கொடுத்தது. இரண்டு கிளைகளின் வளர்ச்சியும் மண்டலக் கூட்டத்தில் ஒரே பலகையில் பாராட்டப்பட்டது. எந்த ஆண்டறிக்கையிலும் இந்த இரண்டு கடன்களும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று எழுதியதில்லை.

விவசாயிகள் விடாமல் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே உத்தரவில் நின்றன. பட்டறை நின்றால் தவணையும் நிற்கும். ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தவர்களின் கணக்குகள்கூட என்பிஏ, அதாவது வாராக்கடன், பக்கம் சரிந்தன. பட்டறைக்காரர் ஒருவர் மேலாளர் அறையில் உட்கார்ந்து, மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள் சார், அதை வாங்க யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். வாங்க ஆள் இல்லை, ஊர் முழுக்க ஒரே மெஷின் விற்பனைக்கு நின்றது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருந்த பையன்கள் பையைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனார்கள்.

கடன் கொடுக்கும்போதே தண்ணீரையும் உப்பையும் அளந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு உள்ள பட்டறைக்கு ஒரு வட்டி, இல்லாத பட்டறைக்கு ஒரு வட்டி என்று வைத்திருக்கலாம். சுத்திகரிப்புக்கே முன்கூட்டிக் கடன் கொடுத்திருக்கலாம். கழிவுநீரைத் துளிகூட வெளியே விடாத முறைக்கு ஊர் பின்னால் மாறத்தான் செய்தது. மூடிய பிறகு, நஷ்டப்பட்ட பிறகு மாறியது. அந்த நஷ்டத்தில் ஒரு பங்கு நம் லாப நட்டக் கணக்கில் ஒதுக்கீடாக வந்து உட்கார்ந்தது, அதாவது பங்குதாரர் தலையில். இன்றைய அறிக்கையில் நீங்கள் தண்ணீருக்குக் கொடுத்திருக்கும் எண் கிளை ஊழியர் குடித்ததும் கை கழுவியதும் மட்டும். நொய்யலுக்கு அதில் இடமே கிடையாது.

இனி உங்கள் மூன்று பதில்கள்.

தகவல் இல்லை என்கிறீர்கள். மின் நிலையங்களுக்குத் தகவல் இல்லை என்று சொல்லவே முடியாது. மத்திய மின்சார ஆணையம் ஒவ்வொரு நிலையத்தின் உற்பத்தியையும் கரியமில வாயு அளவையும் ஆண்டுதோறும் பொதுவில் வைக்கிறது, யாரும் தரவிறக்கிக்கொள்ளலாம். இரும்பு, சிமெண்ட், அலுமினியம், உரம் போன்ற துறைகளின் பெரிய ஆலைகள் 2012-இல் தொடங்கிய எரிசக்தித் திறன் திட்டத்தின் கீழ் தங்கள் எரிபொருள் கணக்கைத் தணிக்கை செய்து அரசுக்குக் கொடுத்து வந்திருக்கின்றன. பட்டியலிட்ட கடன்தாரர்கள் நம்மைப் போலவே பிஆர்எஸ்ஆர் வெளியிடுகிறார்கள். திருப்பூர் ஏற்றுமதியாளர்களிடம் ஐரோப்பிய வாங்குவோர் ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம் என்று கேட்டு வாங்குகிறார்கள். சட்டை வாங்குபவருக்குக் கொடுக்கும் எண்ணை, கடன் கொடுக்கும் வங்கி கேட்டால் கொடுக்க மாட்டார்களா? கேட்டதே இல்லை, அதுதான் உண்மை.

முழுத் தகவல் இல்லாத இடத்துக்கும் வழி இருக்கிறது. 2015-இல் நெதர்லாந்தின் நிதி நிறுவனங்கள் சில சேர்ந்து தொடங்கிய பிசிஏஎஃப் என்ற கூட்டமைப்பு, 2020-இல் உலகம் முழுவதற்குமான கணக்கு முறையை வெளியிட்டது. கடன்தாரரின் மொத்த மூலதனத்தில் நம் கடன் எத்தனை பங்கோ, அவருடைய உமிழ்வில் அத்தனை பங்கு நம்முடையது. தகவலின் தரத்துக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். சரிபார்த்த எண் என்றால் 1, துறைச் சராசரியை வைத்துப் போட்ட மதிப்பீடு என்றால் 5. ஐந்தில் தொடங்கினாலும் தொடங்கலாம், மதிப்பீடு என்று சொல்லிவிட்டால் போதும். நாம் அளக்காத தண்ணீருக்குத் தசமப் புள்ளியோடு எண் போட்டதைவிட அது எவ்வளவோ நேர்மை. இந்தியாவிலேயே சில வங்கிகள் கடன்களின் ஒரு பகுதிக்காவது இந்த வேலையைத் தொடங்கிவிட்டன.

இன்னொன்றையும் கவனியுங்கள். பசுமைத் திட்டங்களுக்குக் கடன் தருவதற்கென்றே மக்களிடம் வைப்புத்தொகை வாங்கும் ரிசர்வ் வங்கியின் பசுமை வைப்புத் திட்டம் 2023 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பணம் எந்தத் திட்டத்துக்குப் போனது என்று தடம் பிடித்து, வெளியாரை வைத்துச் சரிபார்த்து அறிக்கை தர வேண்டும் என்பது விதி. நல்ல கடன்களுக்குத் தடம் பிடிக்கத் தெரிந்த வங்கிக்கு மற்றக் கடன்களுக்குப் பிடிக்கத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்?

விதி இல்லை என்கிறீர்கள். ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரி 28 அன்று காலநிலை சார்ந்த நிதி அபாயங்களை வெளியிடுவது பற்றிய வரைவைத் தந்தது. நிர்வாகம், உத்தி, அபாய மேலாண்மை பற்றிய வெளியீடுகள் 2025-26-லிருந்தும், எண்களும் இலக்குகளும் 2027-28-லிருந்தும் என்று வணிக வங்கிகளுக்கு அந்த வரைவு கால அட்டவணையே போட்டிருந்தது. கடன்வழி உமிழ்வும் அந்த எண்களில் ஒன்று. விதி எந்தத் திசையில் வருகிறது என்பதில் சந்தேகமே இல்லை. அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பது ஒரு வங்கிக்கு அழகல்ல. வாராக்கடனை அடையாளம் காண ரிசர்வ் வங்கி ஆய்வாளர் வரும்வரை காத்திருந்த வங்கிகளின் கதியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

கூட்டத்துக்குப் பிறகு உங்கள் அதிகாரி ஒருவர் என்னிடம் தொலைபேசியில் மரியாதையாகவே பேசினார். அமெரிக்காவின் பெரிய வங்கிகளே 2024 டிசம்பரிலிருந்து வரிசையாக, கடன்வழி உமிழ்வைச் சுழியமாக்க உறுதி எடுத்த வங்கிகளின் நிகரச் சுழிய வங்கிக் கூட்டணியை விட்டு வெளியேறிவிட்டன, நாம் ஏன் அவசரப்பட வேண்டும் என்று கேட்டார். அவர்கள் விலகியது ஒரு கூட்டணியிலிருந்து. அளப்பதற்கும் கூட்டணிக்கும் சம்பந்தம் இல்லை. அதோடு, வெயிலும் வெள்ளமும் நம் கடன்தாரர்களைத்தான் முதலில் அடிக்கின்றன. 2023 டிசம்பரில் சென்னையும், அடுத்த இரண்டு வாரத்துக்குள் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கியபோது நம் கிளைகளின் கடன் கணக்குகள் என்ன ஆயின என்று உங்கள் வசூல் பிரிவைக் கேளுங்கள்.

அந்த அதிகாரி இன்னொன்றும் சொன்னார், கடன்தாரர் ஏற்கெனவே சொல்லும் உமிழ்வை வங்கியும் சொன்னால் இரண்டு முறை எண்ணியதாகிவிடும் என்று. நாட்டின் மொத்தத்தைக் கூட்டும்போது அது தவறு. இங்கே யாரும் மொத்தம் கூட்டவில்லை. யாருடைய பணம் எதில் நிற்கிறது என்றுதான் கேட்கிறோம். ஒரே கடனை வாங்கியவர் பொறுப்பாகவும் கொடுத்தவர் சொத்தாகவும் இரண்டு இருப்புநிலைக் குறிப்புகளில் எழுதுகிறோமே, அதை யாரும் இரட்டைக் கணக்கு என்று சொல்வதில்லை.

நிலக்கரிக்குக் கடன் கொடுப்பதை நாளைக்கே நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. மாலையில் ஊர் முழுக்க விளக்கும் ஃபேனும் ஓடும் நேரத்தில் எந்த நிலையங்கள் தாங்குகின்றன என்று எனக்கும் தெரியும். கொடுப்பதா வேண்டாமா என்பது பிறகு பேச வேண்டிய விஷயம். எவ்வளவு கொடுத்திருக்கிறோம், அதன் விளைவு எவ்வளவு என்று தெரியாமல் அந்தப் பேச்சையே தொடங்க முடியாது.

ஒரு பயமும் எனக்கு இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். இந்த மடலைப் படித்துவிட்டுத் தலைமை அலுவலகம் இன்னொரு எக்செல் தாளைக் கிளைகளுக்கு அனுப்பி, கறவை மாட்டுக் கடன் வாங்க வரும் அம்மாவிடம் மாடு எவ்வளவு மீத்தேன் விடும் என்று கேட்கச் சொல்லிவிடக் கூடாது. விசைத்தறிக்காரரையும் ஏரோட்டுபவரையும் கரியமிலக் கணக்கைக் காட்டிக் கடனுக்கு அலைய விட்டால் அதைவிட அநியாயம் இல்லை. சிறு கடன்களுக்குத் துறைச் சராசரி போதும், அதைத் தலைமை அலுவலகத்திலேயே கணினியில் போட்டுக்கொள்ளலாம். கேள்வி கேட்க வேண்டியது பெரிய கடன்களிடம்.

ஆகவே, பங்குதாரராகவும் வைப்பாளராகவும் இந்த வங்கியில் உழைத்தவனாகவும் நான் கேட்பவை இவை.

அடுத்த ஆண்டறிக்கையிலேயே மின் உற்பத்தி, நிலக்கரி, எண்ணெய்-எரிவாயு, இரும்பு, சிமெண்ட் ஆகிய துறைகளின் கடன்வழி உமிழ்வை டன் கணக்கில் வெளியிடுங்கள். பக்கத்திலேயே அந்தந்தத் துறையில் நிற்கும் கடன் பாக்கியையும் தகவலின் தர மதிப்பெண்ணையும் போடுங்கள். மற்றப் பெரிய கடன்களுக்கு அதற்கு அடுத்த இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் எந்த ஆண்டு எந்தத் துறை என்ற அட்டவணையை இப்போதே அறிவித்துவிடுங்கள்.

சாயம், தோல், காகிதம், சர்க்கரை, ரசாயனம் ஆகிய தொழில்களுக்கான புராசஸ் நோட்டில் கன்சென்ட் நகலோடு நிறுத்தாமல், எடுக்கும் தண்ணீர், வெளியே விடும் கழிவுநீர், அது சேரும் இடம் ஆகியவற்றைக் கட்டாயக் கேள்விகளாக்குங்கள். புதுப்பிக்கும்போதும் கேளுங்கள். அவற்றின் மொத்தத்தை ஆற்றுப்படுகை வாரியாக அறிக்கையில் தாருங்கள். நொய்யல், பாலாறு, காவிரி என்று பெயரோடு.

வெளியாருக்குக் கொடுத்த ஏடிஎம்களின் மின்சாரத்தைத் திரும்பக் கணக்கில் சேர்த்து, அடிப்படை ஆண்டைத் திருத்தி, போன ஆண்டின் அந்த வரைபடத்தை மறுபடி வெளியிடுங்கள். அளந்த எண் எது, மதிப்பிட்ட எண் எது என்று ஒவ்வொரு வரிசைக்கும் எதிரே குறிப்பிடுங்கள். ஏசி பில்லில் வாயுவின் பெயரும் எடையும் இல்லாவிட்டால் பணம் கொடுக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போடுங்கள். அதற்கு ஒரு நாள் போதும்.

எண்களைச் சரிபார்க்க வருபவர், நம் வங்கிக்கே ஆலோசனை சொல்லிச் சம்பாதிக்கும் நிறுவனமாக இருக்கக் கூடாது. கடன் பிரிவுத் தலைவரின் ஆண்டு மதிப்பீட்டில் இந்த வேலைக்கும் இடம் இருக்க வேண்டும். அறிக்கை தயாரிக்கும் மூன்று நான்கு பேரிடம் மட்டும் இதை விட்டால் மறுபடியும் மரக்கன்று அட்டைதான் வரும்.

சிறு கடன்களுக்குப் புதுப் படிவம் எதுவும் கூடாது என்பதையும் எழுத்தில் உறுதிப்படுத்துங்கள்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று அடுத்த காலாண்டு முடிவுகள் வருவதற்குள் வங்கியின் இணையதளத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பதில் தர வேண்டும். வராவிட்டால் மற்றப் பங்குதாரர்களின் கையெழுத்தோடு இதையே அடுத்த பொதுக்கூட்டத்தின் முன் தீர்மானமாக வைப்பதற்கான வேலையில் இறங்குவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளை மேலாளர், பங்குதாரர்